பன்னிரண்டு கலர்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு பொருள் போனால் போனதுதான். ஏணி இரவல் வாங்கிப் போனவனிடம் போய்க் கேட்டால், எந்த ஏணி என்று நம்மையே திருப்பிக் கேட்பான். படித்தவர்கள் இன்னும் மோசம். தர மாட்டேன் என்று சொல்லித் தொலைக்கவும் மாட்டார்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று உபசரித்தே வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஆரம்பப் பள்ளியின் வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்ற தவசிக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்கு வெறுங்கையோடு போக முடியாது. பதினோரு மணிக்குப் பனியன் கம்பெனியில் டீ டைம். மருமகள் சித்ராதேவி பத்து நிமிஷம் கேட்டுக்கு வருவாள். அதற்குள் பேத்தியின் கலர் டப்பாவோடு அங்கே நிற்க வேண்டும்.

பேத்தி தரணி போய்ப் பதினாறு நாள் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். முதல் இரண்டு நாளும் ஷிப்மென்ட் போகட்டும் என்று சித்ராதேவிக்கு லீவு தரவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, சூட்டுக் காய்ச்சல்தான் என்று சொல்லிப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டது தவசி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்றார்கள்.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. இனியும் வராவிட்டால் மெஷினுக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். மறுநாள் காலையில் சித்ராதேவி வேன் ஏறினாள். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவாள். மகன் மாரிச்செல்வம் நைட் ஷிப்ட் முடித்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து பையும் நோட்டும் புத்தகமும் வந்துவிட்டன. வராதது கலர் பென்சில் டப்பா. தீபாவளி போனஸில் வாங்கியது.

“அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான் மாமா. அத மட்டும் வாங்கிட்டு வந்திருங்க” என்று வேன் படியில் நின்றபடி இன்று காலையில் சொன்னாள். பதினாறு நாளில் அவள் முழுசாகப் பேசியது அதுதான்.

இரண்டாம் வகுப்பில் மேசை, பெஞ்சு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பைகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சுவரோரம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, நூல் தீர்ந்ததும் கம்பெனிக்காரர்கள் தூக்கிப் போடும் அட்டைக் கோன்களைத் தலைகீழாகச் செருகியிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு. ஒன்றில் சிவப்புப் பென்சில்கள் மட்டும், ஒன்றில் நீலம் மட்டும், ஒன்றில் பச்சை மட்டும்.

சாரதாமணி டீச்சர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“வாங்கய்யா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

“உக்கார வரல. எம்பேத்தி கலர் டப்பா இங்கன இருக்கு. அதக் குடுத்தா போயிருவேன்.”

டீச்சரின் கண் அட்டைப்பெட்டிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“டப்பா அப்பவே கிழிஞ்சு போச்சுங்கய்யா. பென்சிலெல்லாம் இதுலதானுங்க இருக்குது.”

“இதுலன்னா எதுல?”

“எல்லாத்துலயும் ஒண்ணொண்ணுங்க.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “முப்பத்தொரு கொழந்தைங்கய்யா. கலர் வாங்கித் தர முடியறது ஒம்பது ஊட்லதான். மேசை இருந்தா அவங்கவுங்க சாமான் அவங்கவுங்க கிட்ட இருக்கும். கீழ உக்காந்துட்டு, இல்லாத கொழந்தை இருக்கற கொழந்தை கையவே பாத்துட்டிருக்குமுங்க. அதனால யாரு கொண்டாந்தாலும் கலர் கலராப் பிரிச்சு வெச்சர்றது. எல்லாரும் எடுத்துக்குவாங்க. தரணி அவளோடத அவ கையாலயேதான் போட்டாளுங்க.”

“யாரக் கேட்டுச் செஞ்சீய?” தவசியின் சத்தத்தில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். “வெட்டுன துணிக்கே எந்த லாட்டுன்னு சீட்டுக் கட்டுதாவ. எம்புள்ள சாமானுக்கு ஒரு சீட்டு ஒட்ட முடியலையாக்கும் ஒங்களுக்கு?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் புதுசா ஒண்ணு…” என்று ஆரம்பித்தாள்.

“புதுசு கடையில கெடக்கு.”

இவள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும், அது எந்தப் பென்சிலில் வரைகிறதோ என்று நினைத்துக்கொண்டே தவசி பெட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். சிவப்புக் கோனைப் பாயில் கவிழ்த்தார். ஒன்பது பென்சில். எல்லாம் ஒரே கடைப் பென்சில், எல்லாம் சுண்டுவிரல் உயரம். பதினெட்டு வருஷம் கம்பெனியில் துணி செக்கிங்கில் நின்று, ஒரே வெள்ளையில் இரண்டு லாட் கலந்திருந்தால் பிரித்துப் போட்ட கண் அது. சிவப்பை எடுத்துப் பார்த்தார், வைத்தார். நீலத்தைக் கவிழ்த்தார்.

பிள்ளைகள் மெல்ல நகர்ந்து வந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“தாத்தா, தரணி பென்சிலக் கடிப்பா” என்றாள் ஒரு சிறுமி. “பின்னாடி கடிச்சிருந்தா அவுளுது.”

“நித்தீசுந்தான் கடிப்பான் வர்ஷினி!”

“நான் ரப்பரத்தான் கடிப்பேன், போடீ!”

தவசி கடிபட்டதையெல்லாம் தனியே எடுத்து வைத்தார். சிவப்பில் இரண்டு, நீலத்தில் நான்கு, மஞ்சளில் மூன்று. இந்தப் பிள்ளைகளில் கடிக்காதது எதுவும் கிடையாது போலிருக்கிறது. கோன்களைத் திரும்ப நிமிர்த்தி வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

“தாத்தா.”

வர்ஷினி பின்பக்கமிருந்து வந்து ஒரு பச்சைப் பென்சிலை நீட்டினாள். “இது அவுளுது. அவ மரந்தான் வரைவா. பச்சைய யாருக்குமே தர மாட்டா.”

வாங்கிப் பார்த்தார். முனையில் நான்கு பல் ஆழமாகப் பதிந்து, பெயின்ட் உரிந்து, உள்ளே கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. ஈரமாக இருந்தது.

நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளுடைய கீழுதட்டில் பச்சையாக ஒரு பொடி ஒட்டியிருந்தது.

“நெசமாவா?”

“சத்தியமாங்க தாத்தா.” அவள் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பவில்லை.

பொய் சொல்கிறவர்களிடம் அது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது தவசியின் வழக்கம். ஊரில் பாதிப் பேர் அவரோடு பேசாமல் போனது அதனால்தான். பென்சிலை வேட்டியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

கம்பெனி கேட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து. சித்ராதேவி கம்பிக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். டீ வாங்கவில்லை. கழுத்தில் நூல் வெட்டும் ட்ரிம்மர் தொங்கியது, தலைமுடியெல்லாம் பஞ்சு.

“டப்பா?”

“கிழிஞ்சு போச்சாம். இது ஒண்ணுதான் கெடச்சுது.”

கம்பி வழியாக வாங்கினாள். கட்டைவிரலால் பல் பதிந்த இடத்தைத் தடவினாள். ஒவ்வொரு பள்ளமாக.

“அவளுதுதானா மாமா?”

“ஆமா.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பச்சைய ஒருத்தருக்கும் தர மாட்டாளாம். மரந்தான் வரைவாளாம்.”

அவள் அந்த முனையை உதட்டில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. பெண்கள் டம்ளரைக் கழுவிப் போட்டுவிட்டு வரிசைக்கு ஓடினார்கள். செக்யூரிட்டி சுடலை தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

“தாயி, அத உள்ள கொண்டு போவாத. வெள்ளத் துணிப் பீசு ஓடுது. ஒரு கோடு விழுந்தாலும் ஒந்தலையிலதான் கட்டுவானுவ.”

சித்ராதேவி பென்சிலைக் கொடுக்கவில்லை. சுடலை மணியைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், “சூப்பர்வைசர் வாரான் தாயி” என்றார். அவள் பென்சிலைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

“ராத்திரி வரைக்கும் வச்சிருங்க மாமா. கூர் ஒடிஞ்சிராம.”

வரிசையின் கடைசியில் போய் நின்று, சோதனைக்காக இரண்டு கையையும் தூக்கினாள். பெண் காவலாளி இடுப்பைத் தடவிவிட்டு உள்ளே விட்டாள். உள்ளே மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கின.

தவசி காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடந்தார். கூர் ஒடியாமல் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அது தரணியுடையது என்று அவர் நம்பவில்லை.