சத்தமில்லாத் திருப்பம்

தையற்காரியின் பழைய கார் அக்காள் வீட்டுத் தெருமுனையில் திரும்பினாலே முன்சக்கரங்கள் 'டக் டக்' என்று தாளம் போடும். அது காதில் விழுந்ததும் அக்காள் புருஷன் வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்.

"பட்டத்து ராணி தாளத்தோட வர்றாங்க! இத இரும்புக் கடையில போட்டுட்டு வேற வேலயப் பாரும்மா."

அவளா வேறு வேலையைப் பார்ப்பவள்? ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரம் திரும்பும்போதும் அதைச் சுழல வைக்கும் இரண்டு பக்கத்து சிவி ஜாயின்ட்டையும் கழற்றி, கிழிந்த ரப்பர் உறை வழியே புகுந்த மணலும் பழைய கிரீஸும் போக மண்ணெண்ணெயில் கழுவினாள். இரும்புக் குண்டுகள் உருளும் பள்ளங்களை விரலால் தடவியபோதுதான் பிடிபட்டது: தேய்ந்தது ஒரு பக்கச் சுவர் மட்டும்தான், மறுபக்கம் வழவழவென்று புதுசாகவே இருந்தது. நைந்த சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தைப்பவளுக்கு இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்? இடப்பக்கத்து ஜாயின்ட்டை வலப்பக்கமும், வலப்பக்கத்து ஜாயின்ட்டை இடப்பக்கமும் மாற்றிப் போட முடிவு செய்தாள்; அப்போது தேயாத சுவர்தான் சுமையைத் தாங்கும்.

திரும்பக் கோக்கும்போது கடைசிக் குண்டு மட்டும் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"உன்னை விட முரண்டு பிடிச்ச ஜிப்பையெல்லாம் வழிக்குக் கொண்டு வந்திருக்கேன்டா" என்று குண்டுகளைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சாய்த்து அழுத்தினாள். 'ணங்'கென்று உட்கார்ந்தது. முழங்கை வரை பூசிக்கொண்டு புது கிரீஸை அடைத்தாள், புது உறை மாட்டினாள்.

மாலையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து அதே முனையில் திரும்பினாள். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. வாசலிலும் ஆளில்லை. கூடத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்த அக்காள் புருஷன், கண்ணாடியில் அவளைக் கண்டு துள்ளிக் குதித்தார்.

"எப்பம்மா வந்தே? சத்தமே கேக்கலியே!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"எங்கே மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க."