ஓட்டை விழுந்த இலைகள்

மனைவியின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுவிட்டுத்தான் அந்த முடிதிருத்துபவர் தினமும் சலூனைத் திறக்கப் போவார். பேருந்து ஓட்டுநரான அவள் படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து, அந்த ஜன்னல்தான் அவளுக்கு ஊர், உலகம் எல்லாமே. அதனால் வெளியே சுவரோரமாக நீளப் பாத்தி கட்டி, செண்டுமல்லியும் சூரியகாந்தியும் நட்டு வைத்தார்.

பூத்ததும் வீடே களைகட்டியது. தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள், சிட்டுக்குருவிகள் என்று ஓயாத கூட்டம். ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டிருந்த ஒரு குருவிக்கு ‘கண்டக்டர்’ என்றே பெயர் வைத்தாள். அது யாரோடு சண்டை போட்டது, யாரை இடித்துத் தள்ளியது என்று அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கதை கதையாகச் சொல்வாள்.

ஒருநாள் இலைகளில் புழு அரித்த ஓட்டைகள் அவர் கண்ணில் பட்டன. ஒரு முடி பிசிறி நின்றாலும் பொறுக்காதவர் அவர். அவளுக்காக வைத்த செடி இப்படி அலங்கோலமாக நிற்பதா? இருப்பதிலேயே வீரியமான பூச்சிமருந்தை வாங்கி வந்து, அவள் கண்ணயர்ந்த மதியத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாத்தி முழுக்க அடித்தார்.

அந்த வாரம் செடிகள் இப்போதுதான் முடி வெட்டிக்கொண்டவை போலப் பளிச்சென்று நின்றன. அவள்தான் வாடிப்போனாள். சாப்பாட்டு நேரத்தில் கதை இல்லை. கால் வலிக்கிறதா, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். அவள் ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். தேனீக்கள் மல்லாந்து கிடந்தன.

“பூவெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா யாருமே வர்றதில்ல. காலி பஸ் ஓட்டுற மாதிரி இருக்கு.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மருந்து அடித்ததை ஒப்புக்கொண்டார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அவர் கையை இழுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்றுதான் கேட்டாள்.

மறுநாள் சலூனைத் திறக்கவில்லை. மருந்து பட்ட செடிகளைப் பிடுங்கி, மேல்மண்ணை வாரிவிட்டு, புதிதாக நட்டார். இந்த முறை புழு வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பாதியைக் குருவிகள் கொத்தித் தின்றன. மீதி இறக்கை முளைத்துப் பறந்தன. ஊன்றுகோலோடு அவள் முதன்முதலாக வெளியே வந்து நின்றபோது, பாத்தி இரைச்சலாக இருந்தது.

பிறகொரு நாள், முடி வெட்டிக்கொள்ள வந்தவர் தன் ரோஜாச் செடிக்கு நல்ல பூச்சிமருந்தாகச் சொல்லும்படி கேட்டார். இவர் கத்தரியை நிறுத்தினார்.

“மருந்தே வேணாம் சார். இலையில ரெண்டு ஓட்டை விழுந்தா விழட்டும். புழுவை வாழ விட்டாத்தான் பட்டாம்பூச்சி வரும், குருவி வரும். நம்ம கண்ணுக்கு அழகா இருக்கணும்னு விஷம் அடிச்சா, அந்தப் பூவைத் தேடி வர்ற உயிரைத்தான் சார் நாம கொல்றோம்.”