ஆம் பட்டனை அமுக்கிய தாய்மாமன்

உள்ளங்கையில் சூடம் ஏற்றிக்கொண்டு சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கை சுடுவதால் கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரத்தில் ஏதாவது விட்டுப்போகலாமே தவிர, கூட்டிச் சொன்னது என்று எதுவும் இருக்காது.

நான் மொக்கையன். சொந்த ஊர் எழுமலை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஆனையூரில் குடியிருக்கிறேன். போனில் வம்சாவளி தேடப் புறப்படும் யாரும் என்னைப்போல் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது கீழவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் பீர் முகமது. கண்ணாடி உடைந்த போனைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அண்ணே, வீட்டுல சும்மாதான இருக்கீங்க? குடும்ப மரம் போடுற ஆப் ஒண்ணு இருக்கு, ஏத்தி விடவா? தொலைஞ்ச சொந்தத்தை எல்லாம் அதுவே தேடிக் குடுத்துரும்."

"இருக்குற சொந்தமே தொலைய மாட்டேங்குது பாய். இதுல தொலைஞ்சதை வேற தேடணுமாக்கும்?"

"அட, ஓசிதாண்ணே."

ஓசி என்றதும் வாங்கிக்கொண்டேன்.

முறையாகத்தான் தொடங்கினேன். உயிரோடு இருப்பவர்களிடமிருந்து ஆரம்பித்துப் பின்னால் போக வேண்டும். செத்தவர்கள் காத்திருப்பார்கள், மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொண்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் விடவே கூடாது. எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பேரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பங்காளிகள், மாமன் மச்சான்கள் பேர் ஒன்றுகூட விட்டுப்போயிருக்காது. இதையெல்லாம் நான் சரியாகச் செய்தேன். சறுக்கியது ஒரே ஒரு இடத்தில்.

அப்பன், ஆத்தா, நான், என் தங்கச்சி இருளாயி என்று நாலு பேரை மரத்தில் ஏற்றினேன். இருளாயி பிள்ளை குட்டி இல்லாமலே போய்ச் சேர்ந்தவள். அதனால் எனக்குத் தாய்மாமன் என்ற பட்டம் வாய்க்கவில்லை. அடுத்தவன் வீட்டுக் காதுகுத்தில் மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைக்கும்போது, நான் பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன்.

போன் டிங் என்றது. உங்கள் மரத்தில் இருக்கும் இருளாயியும் இன்னொருவர் மரத்தில் இருக்கும் இருளாயியும் ஒரே ஆளா? ஆம். இல்லை.

எங்கள் சீமையில் குலசாமி பேரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். பிறகு அந்தப் பேரையே பேத்திக்கும் வைப்பார்கள். கடைவீதியில் நின்று இருளாயி என்று கூப்பிட்டால் பாதிச் சனம் திரும்பிப் பார்க்கும். இது அந்த ஆப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் கண்டக்டர் கை பாருங்கள், வண்டி பிதுங்கி வழிந்தாலும் ஏறு ஏறு என்றே பழகிவிட்டது. 'ஆம்' என்பதை அமுக்கினேன்.

உடனே அடுத்த இருளாயி வந்தாள். அமுக்கினேன். அதற்கடுத்தவள் வந்தாள். பொழுது சாய்வதற்குள், உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்த அத்தனை இருளாயியும் என் தங்கச்சி ஆகிவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் பிள்ளைகளோடு வந்தாள். என் மருமகன்களில் ஒருவர் எங்கள் அப்பனுக்கே மூத்தவர். போனில் "மாமா, சௌக்கியமா?" என்று கேட்டார், பல்லில்லாத வாயால்.

மறுநாள் அன்னக்கொடி கூப்பிட்டாள்.

"மாமா, நான் உங்க தங்கச்சி மக. எழுமலையிலதான் கட்டிக் குடுத்திருக்கு. எங்க அம்மா எனக்கு வெவரம் தெரியுமுன்னே போயிருச்சு. எம்மகனுக்குக் காது குத்த மடி இல்லாமத் தள்ளிப் போட்டுக்கிட்டே வாரேன். ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தரை உக்கார வைக்கலாம்னு இவுக வீட்டுல சொல்றாக. அதுக்குக் குத்தாமலே இருந்துட்டுப் போகட்டும்னுட்டேன். வந்துருங்க மாமா."

தப்பா அமுக்கிட்டேன் தாயி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "இந்தா, வாரேன்" என்று வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. நான்தான்.

ஊர் எல்லையிலேயே பிளக்ஸ் வைத்திருந்தார்கள். ஆதார் அட்டையில் இருக்கும் என் படத்தைப் பனைமர உயரத்துக்குப் பெரிதாக்கி, 'தாய்மாமன் மொக்கையன்' என்று போட்டிருந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்து மிரண்ட எருமை இன்னும் வீடு திரும்பவில்லை என்கிறார்கள். கோயில் முன்னால் கைப்பிடி வைத்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பையனை மடியில் வைத்தார்கள். ஆசாரி காதைத் தொட்டார். பையன் வீறிட்டான். குத்தி முடிந்தது. எழப்போனேன்.

"இருங்க மாமா," என்றது ஒரு குரல். அந்தப் பையனைத் தூக்கிய கையோடு இன்னொரு பிள்ளை மடியில் விழுந்தது. மாமன் கோயிலில் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தியை யாரோ மரத்திலேயே போட்டுவிட்டார்கள். எல்லா இருளாயியின் பிள்ளைகளும், அவரவர் பிள்ளைகளோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். வரிசை கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போனது.

வண்டியாக இருந்தால் விசில் அடித்து நிறுத்தலாம். மடிக்கு விசில் கிடையாது. பிள்ளையைப் பாதியில் இறக்கினால் ஆகாது என்பார்கள். முழுசாக முடித்தால் அடுத்தது தயாராக நிற்கும். கால் மரத்தது, பிறகு இடுப்பு மரத்தது. நாற்காலிக் கால்கள் கரிசலில் முழங்கால் அளவு இறங்கிவிட்டன. என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் டீக்கடை போட்டு, அதற்குக் கரண்ட் கனெக்‌ஷனும் வாங்கிவிட்டான். வரிசையில் கைப்பிள்ளையாக வந்து நின்ற ஒருவன் என் மடிக்கு வந்து சேர்ந்தபோது மீசை வைத்திருந்தான். "மெதுவா உக்காருறேன் மாமா," என்று அவனே சொன்னான், நல்ல பிள்ளை.

கிடாக் கறிக்காக வந்திருந்த பீர் முகமது, எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்க்க வந்தார்.

"யோவ் பாய், இதை எப்பிடிய்யா பிரிக்கிறது?"

"பிரிக்கிறதுக்குப் பட்டன் இருக்குண்ணே. ஆனா இதுல சேந்திருக்கிற அம்புட்டுப் பேரும் சம்மதிக்கணும்."

"சேக்குறதுக்கு ஒரு விரல் போதும்ங்குது, பிரிக்கிறதுக்கு ஊர்க்கூட்டம் போடணுமா?"

"ஆதாரம் காட்டுனா விட்டுரும்ணே. பொறுங்க, பாக்குறேன்."

கை கழுவிவிட்டு வந்து போனில் இறங்கினார். பழைய வாக்காளர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, அதைப் பார்த்தார். கல்யாணமான பெண்களுக்கு அதில் புருஷன் பேர்தான் இருக்கும்; அப்பன் பேர் கிடைக்காது. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பெண்வழி தேடுகிறவர்கள் முட்டி நிற்பது இங்கேதான். பட்டா விவரம் பார்த்தார். நிலம் ஆண்பிள்ளைகள் பேருக்குப் போயிருந்தது. கடைசியில் யாரோ பங்காளி ஒருவர் படம் பிடித்து ஏற்றிவைத்திருந்த மஞ்சள் பூத்த கல்யாணப் பத்திரிகை அகப்பட்டது. அன்னக்கொடியின் அம்மா இருளாயியின் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் ராஜபாண்டி, ஊர் பேரையூர்ப் பக்கம். எங்கள் அப்பன் பேரும் இல்லை, எங்கள் ஊரும் இல்லை.

"தப்பிச்சீங்கண்ணே! பேரை மட்டும் வச்சுச் சேக்கக் கூடாது. அப்பன் பேரு, ஊரு, வருசம், மூணும் ஒத்து வரணும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னய்யா?"

"அன்னைக்கு நீங்க போன் கண்ணாடியைத்தான கேட்டீங்க?"

மடியில் இருந்த பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அன்னக்கொடியைக் கூப்பிட்டேன். சீர்த்தட்டை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். கழுத்தில் நான் கொண்டுபோன மாலை கிடந்தது. போனை நீட்டினேன். படித்தாள். விரலால் பெரிதாக்கி, பொண்ணு வீட்டார் பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆசாரி கம்மலைப் பிடித்தபடியே நின்றார். எனக்கு எழுந்து ஓட வழி திறந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"எங்க அம்மா பொறந்த ஊரு எனக்குத் தெரியாதா மாமா?" என்றாள் மெதுவாக. "அங்க போயி நின்னேன். எங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்த ஆம்பளையே கெடையாதுன்னாக. அந்த ஆப்பு எங்கிட்டயும்தான் ஒரே ஆளான்னு கேட்டுச்சு."

"நீ என்ன தாயி அமுக்குன?"

"நீங்க அமுக்குனதைத்தான்."

பீர் முகமது வானத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற மற்ற மருமகள்களும் மருமகன்களும் அவரவர் போனை இடுப்பிலும் பையிலும் செருகிக்கொண்டார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தெரிந்தே அமுக்கியிருக்கிறார்கள்.

"பிரிக்கணும்னா பிரிச்சுக்கங்க மாமா. நான் மறுப்பு சொல்லல," என்றாள் அன்னக்கொடி.

பிரிக்கும் பட்டன் திரையில் சிவப்பாக நின்றது. மடியில் இருந்த பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியது. நான் போனை அணைத்து, பீர் முகமதுவின் சட்டைப்பையில் போட்டேன்.

"குத்துங்க ஆசாரி," என்றேன்.

எங்கள் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நான் ஒரே பிள்ளை. மரத்தில் நான் ஏற்றிய இருளாயியையும் சேர்த்தே சொல்கிறேன், எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை.