வேகம் பிடித்த 'சனிக்கிழமைச் சட்டை'

'சனிக்கிழமைச் சட்டை' பாட்டைக் கேட்டு ஆடாதவர்கள் இரண்டே வகை: செத்தவர்கள், நான். அதில் பியானோ வாசித்தவனே நான்தான். ஆனால் இசைத்தட்டில் கிளியோஃபஸ் டார்வர் பெயர் மட்டும்தான் இருக்கும். அவன் பாடினான், கிட்டார் அடித்தான், பார்க்க வேறு நன்றாக இருந்தான். பியானோக்காரனுக்கு எப்போதும் முதுகுதான் முகம்.

ஐம்பத்து மூன்றாம் வருடம், மிசிசிப்பியில், எங்கள் கிரீன்வில்லில், ஒரு வானொலி நிலையத்தின் பின்னறையில் அதைப் பதிவு செய்தோம். இருக்கிற ஒரே சட்டைக்கு இஸ்திரி போடுகிறவனைப் பற்றிய மந்தமான பாட்டு. கேட்டால் கொட்டாவி வரும். கைதட்ட எங்கள் தேவாலயச் சபையிலிருந்து அர்னெட்டாவை நான்தான் அழைத்து வந்திருந்தேன். அவளைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்திருந்தேன்; அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை. இரண்டாம் சரணத்தில் கிளியோஃபஸ் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் சிரித்தாள். அந்தச் சரணம் முடிந்து தொலைந்தால் போதும் என்று நான் இருமடங்கு வேகத்தில் வாசித்தேன்.

எங்கள் சபையில் பியானோ திடீரென்று வேகம் பிடித்தால் ஒரே அர்த்தம்தான்: பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது. யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கூடவே ஓட வேண்டும். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சபைப் பிள்ளைகள். டிரம்ஸ் பாய்ந்தது. அர்னெட்டா கண்களை மூடிக்கொண்டு தட்டினாள். கிளியோஃபஸ் அடுத்த வரியை மறந்து "ஐயோ, ஐயோ" என்று கத்தினான். என் வயிற்றெரிச்சல் நாடெங்கும் ரேடியோவில் ஓடியது. பிறகு வந்த பையன்கள், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் உட்பட, அந்த ஓட்டத்தையும் அந்த ஐயோவையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆளானார்கள்.

அர்னெட்டா என்னைத்தான் கட்டிக்கொண்டாள். ஆனால் வருடா வருடம் சபையில் எழுந்து, அன்று ஆவி இறங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னாள். கண்ணை மூடியிருந்தவள்! நான் வாயைத் திறக்கவில்லை.

போன வசந்தத்தில், பாட்டைப் பதிவு செய்த இடத்தில் நினைவாக இரும்புப் பலகை ஒன்று வைக்க ஊர்க் குழு முடிவு செய்தது. விவரம் கேட்க டனீஷா என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிளியோஃபசும் வந்து, அர்னெட்டா பொரித்த கெளுத்தி மீனை என் தட்டிலிருந்தே தின்றான்.

"வேகத்தைக் கூட்டினது யாரு? அந்தப் பேரைத்தான் பலகையில பெருசா போடப் போறோம்" என்றாள் டனீஷா.

"ஆவிதான்மா. என் மேல இறங்குச்சு" என்றான் கிளியோஃபஸ், விரலை நக்கிக்கொண்டு.

"உன் மேலயா? உன் மேல ஈகூட இறங்காதுடா!" என்றேன்.

"டேய் லூஷியஸ், எண்பது வயசாச்சு. இன்னுமாடா பொறாமை?"

"ஆமாடா, பொறாமைதான்! அன்னிக்கும் அதேதான்!"

அவ்வளவுதான், கண்ணடிப்பிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அர்னெட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஐம்பத்தெட்டு வருஷமா சபையில நான் சாட்சி சொன்னது உன் வயித்தெரிச்சலுக்கா?"

"கண்ணுல தூசி விழுந்துச்சுடா" என்றான் கிளியோஃபஸ்.

"ஒரு கண்ணுல மட்டும், அவளைப் பாத்தப்ப மட்டும்!"

டனீஷா பேனாவைப் பிடித்தபடி என்னிடம், "உங்க பேரை எழுதட்டுமா, லூஷியஸ் பெட்வே ஐயா?" என்றாள்.

அர்னெட்டா என் பக்கம் திரும்பவில்லை. என் மனம் இளகியதுதான். ஆனால் பலகை இரும்பு. "எழுதும்மா" என்றேன்.

நான்கு நாட்கள் வீட்டில் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அர்னெட்டா எழுந்தாள். என்னை அங்கேயே கர்த்தர் எடுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"பைபிள் காலத்துல கர்த்தர் ஒரு கழுதையைப் பேச வச்சாரு" என்றாள். "ஐம்பத்து மூணுல என் வீட்டுக்காரரை வாசிக்க வச்சாரு."

சபை முழுவதும் சிரித்தது. கைக்குட்டைக்குள் நான் அழுதேன். எல்லாரையும் முந்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக, "ஆமென்" சொன்னவன் கிளியோஃபஸ். பாவி, அதையும் எவ்வளவு நன்றாகச் சொல்கிறான்!