ஒற்றை ஸ்லாட் கேமரா

"என்னடா இது, இதுல ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கு!"

கேமராவின் பக்கவாட்டுக் கதவை நகத்தால் நெம்பித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த அக்கா, சோற்றில் கல்லைக் கடித்தவள் போல முகத்தைச் சுளித்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பேச்சில் பாதி காற்றாகவே போய்விட்டது. மிச்சப் பாதி அதட்டலாக வந்தது.

"சின்ன கேமராக்கா. இதுக்கு அவ்வளவுதான். ரெண்டு ஸ்லாட் இருக்கறதையெல்லாம் நம்ம ஆளுங்க வெளியூர் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"ஒத்தக் கார்டை நம்பி ஒரு கல்யாணத்தை எடுக்கச் சொல்றியா என்னை?"

"நீ எடுக்கவே வேணாம்னுதான் நான் சொல்றேன்."

"அதை உன்கிட்ட யாரு கேட்டா?"

தம்பி குனிந்து கேமராவின் கதவைச் சாத்தினான். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணுகின்றன, ஆனாலும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. இரண்டு இடத்திலும் அக்கா சொன்னதுதான் சட்டம். எந்தப் படமும் ஒரே கார்டில் மட்டும் இருக்கக் கூடாது என்பது அதில் தலையாய சட்டம். பெரிய கேமராக்களில் கார்டு போட இரண்டு இடம் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் ஒரே படம் இரண்டிலும் பதியும். அப்படி இரண்டிலும் எழுதும்போது கேமரா கொஞ்சம் திணறும், சட்டென்று அடுத்த படத்துக்கு வராது. "திணறட்டும். நான் திணறாம இருந்தா போதும்" என்பாள் அக்கா.

அவள் ஒரு தடவை திணறியிருக்கிறாள். ஸ்டுடியோ ஆரம்பித்து நாலைந்து வருஷத்தில், ஒரு கல்யாணத்தின் பாதிப் படங்கள் இருந்த கார்டு செத்துப்போனது. வேறு யாராக இருந்தாலும் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். அக்கா நேரே பெண் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அதே உடுப்பில் வரவழைத்து இன்னொரு தடவை கல்யாணம் பண்ணி வைத்தாள். முதல் கல்யாணத்துக்குக் கோபித்துக்கொண்டு வராமல் இருந்த பெண்ணின் அண்ணன், இரண்டாவதுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். அந்தக் குடும்பம் இன்றுவரை இரண்டாவது தேதியில்தான் கல்யாண நாள் கொண்டாடுகிறது. "பார்த்தியா, நல்லதுதான் நடந்துச்சு" என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "அன்னைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்" என்பாள்.

இன்றைய கல்யாணப் பெண், தினமும் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். வந்த முதல் வாரமே அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள்: உன் கல்யாணப் படம் நான்தான் எடுப்பேன். அப்போது மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பிறகு படி போனது, நடை போனது, போன வாரம் சாய்மானம் இல்லாமல் உட்காருவதும் போனது. "இனி நாள் கணக்குதான்" என்று டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தம்பி மூலம் அதைத் தெரிந்துகொண்ட நர்ஸ், கல்யாணத்தைத் தள்ளிப்போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்காக நீ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டா, செத்த பிறகும் உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள் அக்கா. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட கையோட ரெண்டு பேரும் நேரா இங்க வரணும். புரியுதா?"

இதோ, வந்துகொண்டிருந்தார்கள். கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"டேய், பழைய சின்னச் சின்னக் கார்டெல்லாம் மேஜை டிராயர்ல கிடக்குமே, எல்லாத்தையும் அள்ளிட்டு வா."

"எதுக்கு? பெரிய கார்டு ஒண்ணு போட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் எடுத்தாலும் நிறையாது."

"அதான் பயமே. கொஞ்சம் எடுப்போம், கார்டை மாத்துவோம். மறுபடி கொஞ்சம் எடுப்போம், மாத்துவோம். போனா கொஞ்சம்தான் போகும். மொத்தமும் போகாது. ஓடு."

தம்பி ஓடினான். கார்டுகளை அள்ளிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது நர்ஸ் பெண் வாசலில் நின்றாள். தினமும் வெள்ளைக் கோட்டில் பார்த்தவளைப் புதுப்புடவையில் பார்க்க, வேறு யாரோ போல இருந்தது. பின்னால் மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். கோட்டும் சூட்டும் இரவல் என்பது தோளிலேயே தெரிந்தது.

அடுத்த சிக்கல், கேமராவைத் தூக்க அக்காவின் கையில் தெம்பு இல்லை. தலையணையை அடுக்கிப் பார்த்தார்கள், சரிந்தது. சாப்பாட்டுப் பலகையில் வைத்துப் பார்த்தார்கள், உயரம் போதவில்லை.

"டேய், இங்க வா. கட்டிலை ஒட்டி மண்டி போடு. முதுகை எனக்குக் காட்டு."

"எதுக்குக்கா?"

"நீதான் ஸ்டாண்டு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். தம்பி முழங்கால் இரண்டும் முறையிட மண்டி போட்டான். அவன் வலது தோளில் கேமராவை வைத்து, பின்னாலிருந்து அக்கா பொத்தானைத் தேடிப் பிடித்தாள். அவள் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. காதுக்குப் பக்கத்திலேயே முதல் கிளிக் விழுந்தது.

"ஸ்டாண்டு ஆடுது."

"முட்டி வலிக்குதுக்கா."

"ஸ்டாண்டு பேசவும் செய்யுதே!"

எதிரே நர்ஸ் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கிளிக். மாப்பிள்ளை மட்டும் விறைத்துப்போய் நின்றார்.

"மாப்ள, ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி நிக்கறீங்களே. மேல போறதா கீழ போறதான்னு ஒரு முடிவுக்கு வாங்க."

அவர் உடம்பே குலுங்கிச் சிரித்தார். கிளிக், கிளிக். "கார்டு!" என்றாள் அக்கா. தம்பி கேமராவை இறக்கி, கார்டை உருவி வலது சட்டைப்பையில் போட்டு, இடது பையிலிருந்து புதியதைச் செருகினான். மறுபடி தோள். மறுபடி கிளிக். மறுபடி கார்டு. ஆபீசில் போட்ட மோதிரங்களைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று இன்னொரு முறை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். மாப்பிள்ளையின் கை தவறி, மோதிரம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. கோட்டோடு தரையில் படுத்து, துடைப்பத்தால் துழாவி எடுத்துக்கொண்டு வந்தார். அதையும் எடுத்தாள் அக்கா.

அதற்குப் பிறகு என்னவோ நடந்தது. அக்கா எதுவுமே பேசவில்லை, ஆனால் எதிரே இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நர்ஸ் பெண் மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்தார். தம்பியின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"என்னக்கா பண்ற பின்னால?"

"ஒண்ணும் பண்ணல. ஸ்டாண்டு திரும்பக் கூடாது."

ஒரு வழியாகப் படமெடுத்து முடித்தார்கள். புதுத் தம்பதியைத் தம்பியின் மனைவி சாப்பிடக் கூட்டிப் போனாள். அக்கா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. ஆனால், "சரி, தூங்கு" என்று தம்பி சொன்னதும் கண் திறந்தது.

"முதல்ல காப்பி பண்ணு. ரெண்டு இடத்துல. என் கண்ணு முன்னாடி."

அவன் கம்ப்யூட்டரைக் கட்டிலுக்கு அருகிலேயே கொண்டுவந்து வைத்தான். முதல் கார்டு ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதைச் செருகியதும், இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. எடுத்து, ஊதி, வேட்டியில் துடைத்து மறுபடி செருகினான். படிக்க முடியவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போச்சா?"

"...போச்சுக்கா. மோதிரப் படம் எல்லாம் அதுலதான்."

திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டே திரும்பினான். அக்காவின் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது.

"நான் சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையாடா! பெரிய கார்டாம், சாயங்காலம் வரைக்கும் நிறையாதாம்! இப்ப என்ன சொல்ற?"

"நீ சொன்னதுதான் சரி."

"சத்தமா சொல்லு. உன் பொண்டாட்டிக்கும் கேக்கட்டும்."

"நீ சொன்னதுதான் சரி!" என்று அவன் கத்தினான். சாப்பாட்டு அறையிலிருந்து மூவரும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். மாப்பிள்ளையின் ஒரு கன்னம் சோற்றோடு உப்பியிருந்தது. நர்ஸ் பெண்ணின் கை இன்னும் எச்சிலாக இருந்தது.

"வாங்க, வாங்க. மோதிரத்தைக் கழட்டுங்க. மறுபடி கல்யாணம்" என்றாள் அக்கா.

இந்த முறை அவளால் விரலைக்கூட அழுத்த முடியவில்லை. தம்பி தோளில் கேமராவை வைத்துக்கொண்டு, அவள் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தான். "இப்ப" என்று அவள் சொன்னபோதெல்லாம் அவன் அந்த விரலை அழுத்தினான். சோறு அடைத்த கன்னத்தோடு மாப்பிள்ளை மோதிரம் போட்டார். எச்சில் கையில் மோதிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது. முதலில் எடுத்ததைவிட இது நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்குத் திரையைப் பார்க்காமலே தெரிந்தது.

அவர்கள் மறுபடி சாப்பிடப் போனார்கள். அவன் புதுப் படங்களைக் காப்பி பண்ண ஆரம்பித்தான்.

"ஆச்சா?"

"ஒரு இடத்துல போயிடுச்சு. ரெண்டாவது ஓடிக்கிட்டிருக்கு."

"ம்."

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தமும் பேச்சும் வந்தன. ஆக்ஸிஜன் மெஷின் ஒரே சுருதியில் முனகியது. திரையில் பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து மறுகோடியைத் தொட்டது.

"ரெண்டாவதும் ஆச்சுக்கா."

பதில் இல்லை. அவன் உடனே திரும்பவில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து, எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று கடைசிவரை பார்த்தான். பிறகுதான் திரும்பினான்.

நர்ஸ் பெண் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய் மெஷினை அணைத்தாள். தம்பியின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு படம் திறந்தபடியே இருந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்வை கேமராவில் இல்லை, அதற்குச் சற்று மேலே இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றான் தம்பி. "எனக்குப் பின்னாடி அக்கா என்னதான் பண்ணுச்சு?"

நர்ஸ் பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே, அண்ணா?"

"சொல்லும்மா."

"மேல் உதட்டைத் தூக்கி, ஆக்ஸிஜன் குழாயை மீசை மாதிரி வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் கன்னத்தை உப்பவெச்சு, புருவத்தைச் சுருக்கி..." அவள் செய்து காட்டினாள். அழுது சிவந்த முகத்தில் அப்படியே தம்பி இருந்தான். காலையிலிருந்து கடுகடுவென்று இருந்த, மீசை வைத்த, சாட்சாத் தம்பி.

அவன் மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மாப்பிள்ளை. தம்பி சிரித்தபோது தோள் வலித்தது. கேமராவை இத்தனை நேரம் சுமந்த இடம்.

சிரித்து ஓய்ந்ததும் நர்ஸ் பெண் வளையல்களைக் கழற்றி ஜன்னல் மேடையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்தாள். "கொஞ்சம் வெந்நீர் வேணும்" என்றாள். மாப்பிள்ளையே போய் ஒரு அகலப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். கோட்டைக் கழற்றத் தோன்றாமல், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் அருகில் நின்றார். அவள் குழாயை மெல்ல எடுத்தாள். துணியை நனைத்துப் பிழிந்து அக்காவின் நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

ஜன்னல் வழியாக வந்த மத்தியான வெயில் அந்தத் தண்ணீரில் விழுந்து, உத்தரத்தில் ஒரு வெளிச்சத் துண்டாக ஆடியது. அவள் துணியை நனைக்கும்போதெல்லாம் அது சிதறியது, பிறகு மெதுவாக ஒன்றுசேர்ந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.