சுளுக்கு அல்ல

காசிமேட்டில் படகிறங்கி வீடு சேர்ந்த பொன்னுரங்கம், இடது தோளிலிருந்து மார்புவரை கடுக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார். வலையிழுக்கும் வீடுகளில் அந்நோவுக்கு ஒரே பெயர் சுளுக்கு; ஒரே மருந்து, சூடேற்றிய எண்ணெய். அவர் மனைவி கன்னியம்மா நெஞ்சை நீவிக்கொண்டிருந்தபோது, ஆய்வக நுட்பம் பயிலும் மகள் மோகனப்ரியா கல்லூரியிலிருந்து வந்தாள். தந்தையின் நெற்றியில் அரும்பிய குளிர்வியர்வையைக் கண்டதுமே மருத்துவமனைக்குப் புறப்படச் சொன்னாள்.

அண்ணன் பொன்ராஜ் சிரித்தான். தேர்வுக்குப் படிக்கையில் அவள் காட்டிய தசைப் படங்களை அவன் மறக்கவில்லை.

"நீதானே சொன்ன? கையிலயும் வரி கீது, இதயத்துலயும் வரி கீது, குடல்லதான் இல்லன்னு. அப்போ ரெண்டும் ஒரே கறிதானே. கைய நீவுனா சரியாவுது, இதுவும் ஆவும்."

தான் சொன்ன அரைப் பாடம் தந்தையின் உயிருக்கே பகையாய் நிற்கக் கண்டு அவளுக்குச் சினம் மூண்டது. தசைக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் உண்டு என்றாள். கைத்தசையில் அவை கயிறு பிடித்த ஆட்கள்போல் நேராக அணிவகுத்து நிற்பதால், கருமையும் வெண்மையும் மாறிமாறி வரியாகத் தெரிகின்றன. குடலிலும் அதே இழைகள்தாம். சாய்ந்தும் குறுக்கிட்டும் கிடப்பதால் அங்கே வரி தோன்றாது. இதயத்திலும் அணிவகுப்பு உண்டு. ஆனால் வரி, இழை நிற்கும் நிலையைக் காட்டுமேயன்றி நோய்க்கு மருந்தைக் காட்டாது.

"கயித்த வுட்டா உன் கை ஒக்காந்துக்கும். இது ஒக்கார முடியுமா? ரத்தம் போவாம உள்ள கறி செத்துகினு கீது. நீ எண்ண தேய்க்கச் சொல்ற."

சுளுக்குக்கு ஆஸ்பத்திரி போனான் என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். பொழுது சாயட்டும், பார்க்கலாம் என்றார் பொன்னுரங்கம்.

"சிரிக்கட்டும் நைனா. பாடைக்குப் பின்னாலயும் சிரிச்சிகினே வருவானுங்களான்னு கேட்டுக்கோ."

கன்னியம்மாவின் கைகள் நின்றன. கணவரின் மார்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மகனை ஆட்டோ கொண்டுவர விரட்டினாள்.

வழியெல்லாம் பொன்னுரங்கம் மகளை ஏசினார். மூச்சு வாங்கியபின் ஏச்சும் நின்றது. அவர் மணிக்கட்டில் விரல் வைத்தபடி மோகனப்ரியா வடிவுடையம்மனை அழைத்தாள். அவ்வழைப்பில் பணிவு இல்லை. வழக்காடும் குரலே இருந்தது.

ஈசிஜி தாளைப் பார்த்த மருத்துவர், நோவு தொடங்கி எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். விடை கேட்டு முகம் கடுத்து, படுக்கையை உள்ளே தள்ளச் சொன்னார். கதவு மூடியது. வெளிப் பெஞ்சில் தாயோடு அமர்ந்திருந்த தங்கையின் அருகில் பொன்ராஜ் வந்து நின்றான். அவள் எழுந்து தாயின் மறுபுறம் போய் அமர்ந்தாள்.