எஞ்சினை அணைத்தால் இடம் போச்சு

எங்கள் பள்ளி வேன்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாலையில் வாசலில் வரிசையாக நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் இடம் உன்னுடையது. அணைத்தாயோ, போச்சு. பின்னால் இருப்பவன் முந்திக்கொண்டு போவான், அவனை ஏன் என்று கேட்கவும் முடியாது. அந்த வரிசையில் பெண் நான் ஒருத்திதான். வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம் என்பார்கள்.

என் மகளுக்கு வீசிங் தொல்லை, மூச்சு இழுக்கும். அதோடு ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இப்படி இழுத்துச்சுன்னா அவள ஓட விடமாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." அன்று என் வேனில் ஏறியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வீடு வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

எங்கே, எப்போது இழுக்கிறது என்று கவனிக்கச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரர் செல்போன் கடையில் வேலை செய்கிறவர். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி வாங்கிவந்து மகளின் பையில் மாட்டினார். சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு புகை, தூசி என்று நேரவாரியாக அளந்து அது என் போனுக்கு அனுப்பும். போனில் இருக்கும் ஆப்பில் பச்சை தெரிந்தால் நல்ல காற்று, சிவப்பு என்றால் ஆபத்து.

"இதுக்கு மெஷின் வேறயா? எல்லாம் அந்தத் தெருமுனை பெயின்ட் கம்பெனி புகைதான்," என்றேன். கம்பெனி வாசலில் போய் நின்று நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வாய் துறுதுறுத்தது.

மறுநாள் மாலை மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். வீட்டில் பச்சை. வகுப்பில் பச்சை. கம்பெனியைக் கடக்கும்போதுகூட மஞ்சள்தான். பள்ளி விடும் நேரத்தில் மட்டும் கோடு விறுவிறுவென்று ஏறிச் சிவப்பில் நின்றது.

"இது எந்த இடம்டி?"

"ஸ்கூல் கேட்டும்மா. வேனுக்காக நிப்போமே, அங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"என்ன முழிக்கிறீங்க? என் வண்டி மட்டுமா நிக்குது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் போனில் அந்தச் சிவப்புக் கோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அடுத்த நாள் கருவியை மகளிடமிருந்து வாங்கிவைத்துக்கொண்டேன். வாசலில் நின்றதும் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். பின்னால் நின்ற மீசைக்காரர் ஹார்ன் அடித்துவிட்டு முந்தினார். அடுத்தவரும் முந்தினார். கடைசி ஆளாகிவிட்டேன். ரோஷம் பொத்துக்கொண்டு வர, இறங்கிப்போய் மீசைக்காரரின் ஜன்னலில் போனையும் டப்பாவையும் நீட்டி, புகைக் கணக்கைச் சொன்னேன்.

"இத்துனூண்டு டப்பா சொல்லுதுன்னு நான் இடத்த விடணுமா? உங்களுக்கு வேற வேல இல்லையாக்கா?" என்றார்.

"உங்க இடம் யாருக்கு வேணும்? வந்த வரிசையிலயே போவோம், யாரும் முந்த வேணாம். எஞ்சின மட்டும் அணைங்க. இங்க படிக்கிற உங்க பொண்ணும் இந்தப் புகையிலதானே நிக்குது!"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்கவே எண் ஏறியது. மீசையை ஒருமுறை தடவினார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "எல்லாரும் ஆஃப் பண்ணுங்கய்யா! எவனாவது முந்தினா அப்புறம் நடக்கிறதே வேற!"

ஒவ்வொன்றாக வண்டிகள் அடங்கின. அத்தனை வருடத்தில் முதல்முறையாக, உள்ளே பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. மணி அடிப்பதற்குள் சிவப்பு இறங்கி மஞ்சளாகிவிட்டது.

ஆனால் என் கிழட்டு வண்டியை அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அந்த வாரம் முழுக்க அது தினமும் அடம்பிடித்தது, தினமும் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை மீசைக்காரர் என் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்கு நீங்க தள்ளுங்க. வாயில இருக்கிற பலம் கையில இருக்கான்னு பாப்போம்!"

விடுவேனா? தள்ளினேன். மகள் வேனிலிருந்து குதித்தாள்.

"பின்னால வராத, புகை வரும்!" என்று கத்தினேன்.

அவள் பக்கவாட்டில் வண்டியோடு ஓடினாள். வண்டி உறுமிக் கிளம்பியது. அவள் அதையும் முந்திக்கொண்டு தெருமுனைவரை ஓடி, அதே வேகத்தில் திரும்பி என்னிடம் வந்தாள். அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இழுப்பு இல்லை. புஸ் புஸ்ஸென்று வாங்கியதெல்லாம் என் மூச்சுதான்.

கேட்டருகே விளையாட்டு டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணு பந்தயத்துல ஓடட்டும்," என்றார். "நீங்க மொதல்ல எங்கயாவது உக்காருங்க."

உட்காரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதேன்.